மயெஸ்த்ரோ எழுதிய ஒப்பாரி

தம்பி தமிழோ? ரெலிபோனில கதைச்சதைக் கேட்டுத்தான் பின்னுக்கிருந்து எழும்பி வந்தனான். அந்தப் பையை எடுங்கோ, இருப்பம். பக்கத்தில ஒரு இத்தாலியன் வாயைத் திறந்துகொண்டு நித்திரை, என்ர தோளைத் தலகாணி எண்டு நினைச்சிட்டான். கத்தானியா போய்ச் சேருமட்டும் ஆர் அதைத் தாங்கிறது.

இந்தியாவோ? அதுதானே பாத்தன். "அனுப்பிட்டேன் சார், அனுப்பிட்டேன் சார்" எண்டேக்கயே தெரிஞ்சுது. திருச்சியோ. நல்லது. நான் தவமலர். ஊர் முள்ளியவளை, இலங்கையில, வன்னிப் பக்கம். பலெர்மோவுக்கு வந்து கன காலம்.

பஸ் எடுக்கிற இடத்தில ஒரு பெரிய போஸ்டர் ஒட்டிக் கிடந்தது, கண்டனீங்களோ? வெள்ளைத் தலை, கறுத்தச் சட்டை, ஒரு கிழவர் கன்னத்தில கை வைச்சபடி. ஓம், அவர்தான். எத்தோரே கல்வாரூசோ எண்டு பேர். இசை எழுதுறவர். அப்பிடியானவையை இஞ்ச மயெஸ்த்ரோ எண்டுதான் கூப்பிடுவினம், நாங்கள் வாத்தியார் எண்டுற மாதிரி. ஆள் போன மாரி மழையோட செத்துப்போனார். கடைசிவரைக்கும் அவரைப் பாத்தது நான். சமைச்சது, குளிக்க வாத்தது, மாத்திரை குடுத்தது, சளித் துப்பின கோப்பை கழுவினது எல்லாம் நான். அந்த மனுசன் எனக்கு ஒரு துரோகம் செய்தது தம்பி. இண்டைக்குப் பின்னேரம் கத்தானியாவில அந்தத் துரோகத்தைத்தான் மேடையில ஏத்திப் பாடப் போகினம். நான் அதுக்குத்தான் போறன்.

பாட்டு எண்டு சொன்னாப்போல உங்கட ஊர்ப் பாட்டு மாதிரி நினையாதேங்கோ. ஒருநாள் நாலு பேர் வயலினோட வீட்டை வந்திச்சினம், மயெஸ்த்ரோ எழுதினதை வாசிச்சுக் காட்ட. நானும் ஆசையா குசினி வாசலில வந்து நிண்டன். வில்லை எடுத்துக் கம்பியில வைச்சினம், இழுத்தினம், ஒரு சத்தம் வரேல்லை. பேந்து "கிறீச்" எண்டு துருப்பிடிச்ச படலை திறக்கிற மாதிரி ஒண்டு. பேந்து திரும்பவும் ஒண்டுமில்லை. முடிஞ்சுதாம்! மயெஸ்த்ரோ கண்ணை மூடிக்கொண்டு சாமி வந்த மாதிரி இருக்கிறார். அவை போன பிறகு கேட்டன், "மயெஸ்த்ரோ, அந்த வயலினுகளுக்கு என்ன வருத்தம்?" எண்டு. மனுசன் இருமி இருமிச் சிரிச்சார். அண்டைக்குத்தான் எனக்கு அவரைப் பிடிச்சது. பொய் சொல்லக்கூடாது, அந்த நேரம் நல்லாத்தான் இருந்தார்.

அவற்ற தகப்பன் கந்தகச் சுரங்கத்தில வேலை செய்தவர். மலைக்குள்ள போய்க் கந்தகம் வெட்டுறது. சுரங்கம் இடிஞ்சு உள்ளுக்கயே போயிட்டார், மயெஸ்த்ரோ அப்ப சின்னப் பெடியன். தாய்தான் ஊர் உடுப்புத் தோய்ச்சுப் படிப்பிச்சது. அந்தச் சுரங்கத்தை வைச்சு அவர் ஒரு பெரிய நாடகம் எழுதினவர். மேடை நிறைய ஆக்கள், ஒருத்தரும் பாடமாட்டினம். மூச்சு மட்டும் வாங்குவினம். ஹா, ஹா எண்டு. காத்தில்லாமல் செத்தவையாம். அதுக்கு ஜேர்மன்காரர் பரிசு குடுத்து, ஊர் ஊராக் கொண்டு திரிஞ்சவை. அது ஜேர்மனியில முதல் முதல் மேடையேறின அண்டைக்குத்தான் இஞ்ச தாய் செத்தது. சேதி போனது. ஆள் வரேல்லை. தாயின்ர செத்தவீட்டுக்கு வராத பிள்ளை! நாடகம் நடக்குதாம். அந்தக் காலம் அவற்ற ஊரிலயும் பொம்பிளையள் தலைவிரிச்சு, மாரில அடிச்சு, எங்களை மாதிரி ஒப்பாரி சொல்லுறவையாம். தாய்க்கும் சொன்னவையாம். இவர் கேக்கேல்லை. பிறகு கேப்பம் எண்டு தேடினால், தெரிஞ்ச கிழவியள் எல்லாம் செத்து முடிஞ்சுது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இதையெல்லாம் எனக்கு ஏன் சொன்னவர் எண்டு கேளுங்கோ. என்ர வாய்தான் தம்பி காரணம். ஒருநாள் பயறு துப்பரவாக்கிக்கொண்டு இருக்கேக்க, எங்கட அம்மாவை முள்ளியவளை முழுக்கச் செத்தவீட்டுக்குக் கூப்பிடுவினம், அவ ஒப்பாரி சொன்னாக் கல்லும் கரையும், நானும் பக்கத்தில இருந்து பழகினனான் எண்டு சொல்லிப்போட்டன். சொல்லியிருக்கக் கூடாது. அண்டையில இருந்து மனுசன் விடேல்லை.

"மலர், எனக்கு ஒருக்கால் சொல்லிக் காட்டு."

"ஏலாது மயெஸ்த்ரோ. செத்தவீடு இல்லாத வீட்டில ஒப்பாரி சொல்லக்கூடாது. சாவை வெத்திலை வைச்சுக் கூப்பிட்ட மாதிரி."

"நான் சாகத்தானே போறன்."

"செத்த பிறகு சொல்லுறன். இப்ப சூப்பைக் குடியுங்கோ."

நான் அவ்வளவு கவனமாத்தான் இருந்தனான். அந்தாள் படிச்ச ஆள், வேற வழியால வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை கூப்பிட்டுச் சொல்லுறார், "மலர், என்ர மனுசி நுன்ஸியா இந்த அறையிலதான் செத்தவள். நானும் அழேல்லை, மகள் ஒர்னெல்லாவும் அழேல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ப் புதைச்சிட்டு வந்தம். அவளுக்கெண்டு ஆரும் அழவேண்டாமோ?"

பாவம் அந்த மனுசி. படத்தில பாத்திருக்கிறன், சிரிச்ச முகம். அழாத செத்தவீடு முடியாத செத்தவீடு, அது எனக்குத் தெரியும். சரியெண்டு நிலத்தில இருந்தன், கொண்டையை அவிட்டு விட்டன். மயெஸ்த்ரோ பியானோவுக்கு மேல பதியிற மெசின் ஒண்டை வைச்சார். நுன்ஸியாவுக்குத்தானே, பதியட்டும் எண்டு விட்டன்.

"பூட்டின வீட்டுக்குள்ள, என்ர அம்மா,
பூவாய் வாடிக் கிடந்தியோ,
கேட்டழ ஆளில்லாமல், என்ர அம்மா,
கிடங்கில புதைஞ்சியோ"

எண்டு தொடங்கினன். நல்லா வந்தது. எங்கட அம்மா கேட்டிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டா. எவ்வளவு நேரம் சொன்னன் எண்டு தெரியேல்லை. ஒப்பாரி அப்பிடித்தான், தொடங்கிறதுதான் நாங்கள், பிறகு அது எங்களை இழுத்துக்கொண்டு போகும். முடிஞ்சு பாத்தால் மயெஸ்த்ரோவின்ர முகம் சுண்ணாம்பு மாதிரி வெளிறிப்போய்க் கிடக்கு.

பிறகு அந்த மெசினைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பார். ஒரே இடத்தை. கடைசிப் பக்கம்.

"மலர், இதில உன்ர குரல் மாறுது. இதென்ன சொல்?"

நான் கேட்டன். எனக்கே அதிசயம்.

"என்ர ராசா, நீ ஏறிப்போன பஸ்ஸுக்கு
இறங்கிற இடம் இல்லையோ,
என்ர ராசா, கை காட்டின யன்னலுக்கு
திரும்பிற தெரு இல்லையோ."

அதொண்டுமில்லை மயெஸ்த்ரோ, உங்கட மனுசிக்குச் சொன்னதுதான் எண்டன். அந்த மனுசியும் எண்டைக்காவது பஸ்ஸில போயிருப்பாதானே.

எங்கட ஊரில ஒரு கதை சொல்லுவினம் தம்பி, ஆரின்ர பிணத்துக்கு முன்னால இருந்தாலும் பொம்பிளை தன்ர வீட்டுச் சாவைத்தான் அழுவாள் எண்டு. ஓம், உங்கட பக்கமும் அப்பிடியோ? ஆனா எனக்கு அழுகிறதுக்கு வீட்டில சாவு ஒண்டும் பாக்கி இல்லை. புருசன் காய்ச்சலில போனவர், அவருக்கு அப்பவே அழுது, எட்டு, அந்தியேட்டிக் கிரியை எல்லாம் ஒழுங்காச் செய்து முடிச்சாச்சு. மகன் ஒருத்தன் இருக்கிறான். துவாரகன். பத்தொன்பது வயசு. நல்ல உயரம், கதை குறைவு, கோவம் வந்தால் சாப்பிடமாட்டான். சண்டை முடிஞ்ச நேரம், ரெண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு வைகாசி, பாலத்தைக் கடந்து எல்லாரும் வாறம். ஆமிக்காரர் இளம் பெடியளைத் தனிய வரச் சொல்லிச்சினம். பேர் பதிஞ்சுபோட்டு விடுவம் எண்டவை. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் விட்டனான். பஸ்ஸில ஏத்தினவை. யன்னலால கை காட்டினவன். அவ்வளவுதான். இன்னும் பதிஞ்சு முடியேல்லைப் போல.

அப்பிடிப் பாக்காதேங்கோ. என்ர தங்கச்சியும் உப்பிடித்தான் பாப்பாள். பலெர்மோவுக்கு என்னைக் கூப்பிட்டவள் அவள்தான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில வைச்சுச் சொல்லுறாள், "அக்கா, பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வம், அவன்ர ஆத்துமா அலையக்கூடாது" எண்டு. கோதாரி விழுந்தவள்! உசிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் விடச் சொல்லுறாள். கோப்பையை அப்பிடியே தள்ளிவிட்டிட்டு வெளிக்கிட்டனான், இண்டுவரைக்கும் அவளோட கதையில்லை. ஒரு தாய் அழாமல் இருக்குமட்டும் பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. அது என்ர கணக்கு. நான் அவனுக்கெண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை, ஆரிட்டயும் கேட்டுப் பாருங்கோ.

சரி, கதைக்கு வாறன். ஒரு வருசமா மயெஸ்த்ரோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். தண்ணி குடிக்க மறப்பார், நான் போய்ச் சத்தம் போடுவன். எழுதி முடிச்சு, பலெர்மோவில பெரிய தியேட்டரில வைச்சினம். எனக்கு நடுவில நல்ல இருக்கை. சேலை உடுத்திக்கொண்டு வா எண்டார், உடுத்திக்கொண்டு போனன். பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் எனக்குக் கை குடுக்கினம். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். நுன்ஸியாவுக்குச் சொன்ன ஒப்பாரியைப் பாடப்போகினம் எண்டுதானே நினைச்சுக்கொண்டு இருக்கிறன்.

திரை இல்லை, ஒண்டும் இல்லை. கறுப்பு உடுப்போட ஒரு பட்டாளம் வெள்ளைக்காரர் வரிசையா நிக்கினம். முதல் அவற்ற வழமையான கிறீச் சத்தம். பிறகு மெல்ல, ஒருத்தி தொடங்கிறாள், "என்ர ராசா" எண்டு. பிறகு மற்றவள். பிறகு ஆம்பிளையள். நுன்ஸியாவைக் காணேல்லை, பூட்டின வீட்டைக் காணேல்லை, அம்மாவைக் காணேல்லை. "என்ர ராசா, என்ர ராசா, நீ ஏறிப்போன பஸ்ஸுக்கு." அத்தினை பேரும் சேந்து. சுத்திவரப் பாத்தால் சனம் அழுகுது. முன்னால ஒரு கிழவி லேஞ்சியால கண்ணைத் துடைக்கிறாள். ஐயோ, ஊரே கூடி என்ர பிள்ளைக்குச் செத்தவீடு வைக்குது தம்பி! நான் மடியில கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன்!

எழும்பினன். கத்தினன். "நிப்பாட்டுங்கோ! அவன் சாகேல்லை! நிப்பாட்டுங்கோ!"

நிண்டுது. முழுக்க நிண்டுது. என்ன நடந்தது எண்டு நினைக்கிறியள்? கை தட்டினாங்கள். முழுச் சனமும் எழும்பி நிண்டு கை தட்டினது. நானும் அந்த ஆட்டத்தில ஒரு ஆள் எண்டு நினைச்சிட்டுதுகள். நான் திரும்பத் திரும்பக் கத்துறன், அதுகள் திரும்பத் திரும்பத் தட்டுதுகள்.

வீட்டை வந்து மயெஸ்த்ரோவோட நான் கதைக்கேல்லை. சாப்பாட்டை வைச்சிட்டுப் போவன். அவர் மன்னிப்புக் கேட்டார், கண் கலங்கினது. ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான். ஏனெண்டால் அடுத்த முறை அதை மிலானோவில வைச்சினம். ஒர்னெல்லா தன்ர ரெலிபோனில காட்டினாள். சனத்துக்கு நடுவில ஒரு வெள்ளைப் பொம்பிளை, பாட்டுக்காரியாம், எழும்பி நிண்டு கத்துறாள். "நிப்பாட்டுங்கோ! அவன் சாகேல்லை!" எண்டு. தமிழில! என்ர குரலில! மயெஸ்த்ரோ அதையும் எழுதிச் சேத்திட்டார். இப்ப ஒவ்வொரு ஊரிலயும் ஒருத்தி எழும்பி என்ர பிள்ளை சாகேல்லை எண்டு கத்துறாள், சனம் அழுகுது, கை தட்டுது, சாப்பிடப் போகுது.

எனக்கு நெருப்பெடுத்தது. அறைக்குள்ள போய் அவற்ற கதிரைக்கு முன்னால நிண்டன்.

"மயெஸ்த்ரோ, இதைக் கிழிச்சுப் போடுங்கோ."

"அது இனி என்ர கையில இல்லை மலர். எத்தினை ஊரில அச்சடிச்சு வைச்சிருக்கினம்."

"அது என்ர பிள்ளை."

"தெரியும். என்ர அம்மாவுக்கு நான் போகேல்லை. இவ்வளவு காலமும் நான் எழுதினது எல்லாம் அந்தச் செத்தவீட்டுக்கு வெளியில நிண்டு எழுதினது. நீதான் எனக்குக் கதவைத் திறந்தனி. நீ தந்தது."

"நான் தரேல்லை, நீங்கள் என்ர வாயிலயிருந்து பிடுங்கினது. உங்கட அம்மா செத்தவ. என்ர பிள்ளை சாகேல்லை. உங்கட வீட்டுச் சாவுக்கு ஏன் என்ர பிள்ளையைக் கூப்பிட்டனீங்கள்?"

மனுசன் கதிரையை விட்டு எழும்பிப் போய்ப் படுத்தார். அண்டையில இருந்து படுக்கைதான். நெஞ்சில சளி, ஆஸ்பத்திரி, திரும்ப வீடு. நான் விட்டிட்டுப் போகேல்லை, ஏன் எண்டு கேக்காதேங்கோ. ஆரோ ஒராள் அவருக்குத் தண்ணி குடுக்கத்தானே வேணும்.

முடியிறதுக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னம் ஒரு மத்தியானம் என்ர கையைப் பிடிச்சார். கதைக்க மூச்சு வராது, அவற்ற நாடகத்தில வாற ஆக்கள் மாதிரி ஹா ஹா எண்டு. சொல்லுறார், "மலர், பாட்டின்ர கடைசியில 'என்ர ராசா' எண்டு ஒரு குரல் ஒருக்கால் கூப்பிடும். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் எழுதேல்லை. வெறுமையா விட்டிருக்கிறன். ஏன் இவ்வளவு நேரம் எண்டு எல்லாரும் கேக்கினம். ஆருக்கும் சொல்லேல்லை. அது உன்ர பிள்ளைக்கு. அவன் வந்தால் அந்த இடத்தில பதில் சொல்லட்டும்."

நான் கையை இழுத்திட்டன். பேய்க்கதை கதைக்காமல் படுங்கோ எண்டிட்டன். ஆனா மண்டைக்குள்ள அது நிண்டுட்டுது.

செத்தவீட்டுக்குப் போனன். பெட்டியைக் கோயிலால வெளியில தூக்கிக்கொண்டு வரேக்க, தம்பி, நம்பமாட்டியள், கை தட்டினாங்கள்! பெரிய ஆள் செத்தால் இஞ்ச அதுதான் வழக்கமாம். பிணத்துக்குக் கை தட்டுற சாதி. ஒர்னெல்லா வந்து என்ர தோளைக் கட்டிக்கொண்டு, "மலர், அப்பாவுக்கு நீ அழவேணும், அவர் ஆசைப்பட்டவர்" எண்டாள். வாய் வரைக்கும் வந்தது. வராமல் என்ன, அவ்வளவு காலம் பாத்த மனுசன். பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன். மயெஸ்த்ரோவுக்கு எண்டு தொடங்கிப்போட்டு நடுவில வேற ஆரையோ கூப்பிட்டிடுவன் எண்ட பயம். இந்த வாயை இனி நம்பேலாது.

பிறகு இருந்து யோசிச்சன். மனுசன் சொன்னது பேய்க்கதை இல்லை. ஒப்பாரிக்கும் கூப்பிடுறதுக்கும் என்ன வித்தியாசம்? "என்ர ராசா" எண்டு தாய் கூப்பிடுறாள். பதில் இல்லாட்டித்தான் அது ஒப்பாரி. "என்னம்மா" எண்டு ஒரு குரல் வந்திட்டால் அது சும்மா பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டதுதானே? அவ்வளவுதானே? ஒருக்கால், ஒரேயொருக்கால், அத்தினை சனத்துக்கு முன்னால பதில் வந்திட்டால் காணும். அழுத அழுகை எல்லாம் இல்லை எண்டாகிடும்.

அவன் வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கேலாது, அதுக்கிடையில இவங்கள் உலகம் முழுக்கப் பாடி முடிச்சிடுவாங்கள். மெசினா எண்ட ஊரில வைச்சேக்க, எங்கட நாட்டுப் பெடியன் ஒருத்தன், சாப்பாட்டுக் கடையில வேலை, அவனைக் கூட்டிக்கொண்டு போனன். பதிலைச் சொல்லிக் குடுத்து, ரிக்கற்றும் எடுத்துக் குடுத்து, பக்கத்தில இருத்தினன். அந்த இடம் வந்தது. "என்ர ராசா" எண்டுது. சத்தம் நிண்டுது. நான் இடிக்கிறன் முழங்கையால, சொல்லடா, சொல்லடா எண்டு. மொக்கன், ஒரு சொல்லுச் சொல்லேலாமல் விக்கி விக்கி அழுகிறான். அவன்ர தமையனும் அந்தப் பாலத்தால வந்த ஆளாம். முதலே சொல்லியிருந்தால் வேற ஆளைப் பிடிச்சிருப்பன்.

நீங்கள் இந்தியா. உங்களுக்கு அந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை. அதுதான் உங்கட குரலைக் கேட்டவுடன எழும்பி வந்தனான். இண்டைக்குப் பின்னேரம் வேலையோ? பாருங்கோ, ரெண்டு ரிக்கற் வைச்சிருக்கிறன், பக்கத்துப் பக்கத்து இருக்கை. நான் உங்கட கையில தட்டினவுடன எழும்பி, "அம்மா, நான் இஞ்ச நிக்கிறன்" எண்டு சொன்னால் சரி. பலமாச் சொல்லோணும், மேல்தட்டுக்கும் கேக்கோணும். ஒருத்தரும் பிடிக்கமாட்டினம், பயப்படாதேங்கோ, கை தட்டுவாங்கள்.

உங்களுக்கு எத்தினை வயசு? முப்பத்தஞ்சோ. என்ர பிள்ளைக்குப் பத்தொன்பது. கொஞ்சம் கூடத்தான். பரவாயில்லை, உள்ளுக்கு இருட்டு, முகம் தெரியாது, குரல்தானே வேணும்.

எங்க, ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கோ. இந்த பஸ்ஸில ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது. "இருக்கேன்" எண்டு சொல்லாதேங்கோ, அவன் அப்பிடிச் சொல்லமாட்டான். "நிக்கிறன்" எண்டு சொல்லோணும். நிக்கிறன்.

ஏன் தம்பி யன்னலுக்கு வெளியில பாக்கிறியள்? உங்களை நான் சாகச் சொல்லேல்லையே. நிக்கிறன் எண்டு சொல்லத்தானே கேக்கிறன். சொல்லுங்கோவன்.